இசைப் பக்கம், வாசகர் கேள்வி பதில்: பழைய குரலைத் தேடாத பாடகர்

கேள்வி: எங்கள் அப்பா லெட் செப்பலின் என்ற ஆங்கில ரொக் கோஷ்டி என்றால் உயிரை விடுவார். அதன் பாடகர் ரொபர்ட் பிளாண்ட் 77 வயதில் புது அல்பம் வெளியிட்டிருக்கிறார் என்று சொன்னேன். "பழைய கோஷ்டியோடு சேர்ந்தால் கோடி கோடியாய் உழைக்கலாம். இந்த மனிசனுக்கு என்ன பிடிவாதம்?" என்கிறார். என்ன பதில் சொல்ல?
– வாசகி, கோண்டாவில்

பதில்: நானும் அந்தக் குரலோடு வளர்ந்தவன்தான். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைப் பொருத்தி, ஒருவன் மிதியைக் கையால் சுற்ற மற்றவர்கள் கசற் கேட்போம். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் பிளாண்டின் உச்சக்குரல் மெல்ல இறங்கி அடித்தொண்டைக்கு வந்துவிடும். "சுத்தடா!" என்று எல்லோரும் கத்துவோம். அந்த உச்சக்குரல்தான் எங்களுக்குப் பிளாண்ட். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் குரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கப் பிளாண்ட் விரும்பவில்லை. 2007 டிசம்பர் 10ஆம் திகதி லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் ஒரேயொரு இரவு மேடையேறியது. 1980இல் காலமான டிரம்ஸ் கலைஞர் ஜோன் பொன்ஹாமின் இடத்தில் அவருடைய மகன் ஜேசன் வாசித்தார். ரிக்கற்றுக்கு உலகமே அடிபட்டது. கோஷ்டியின் மற்ற இருவரான ஜிம்மி பேஜும் ஜோன் போல் ஜோன்ஸும் தொடர ஆசைப்பட்டார்கள். பிளாண்ட் மாட்டேன் என்றுவிட்டு அலிசன் க்ராஸோடு சுற்றுப்பயணம் போனார்.

க்ராஸ் அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர், புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையில் வயலின் கலைஞர், பாடகி. இருவரும் சேர்ந்து பாடிய 'ரெய்சிங் சாண்ட்' அல்பம் 2007 ஒக்ரோபரில் வந்தது. ரொக் பாடகன் மேடையில் தனிக்காட்டு ராசா. நினைத்த இடத்தில் இழுப்பான், நினைத்த இடத்தில் கத்துவான். இரண்டு குரல் இணையும்போது அது சரிவராது. பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த எழுத்தில் சுரம் மாறுகிறார் என்று காதைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் நிற்கவேண்டும். அறுபதை நெருங்கும் வயதில், உலகப் புகழை எல்லாம் பார்த்து முடித்த ஒருவர், இதை ஒரு மாணவனைப் போலப் பழகியிருக்கிறார். அந்த அல்பத்துக்கு 2009இல் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி ஐந்து கிடைத்தன. ஆண்டின் சிறந்த அல்பம் என்ற விருதும் அதில் ஒன்று.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். வென்ற வழியிலேயே ஓடாமல், பான்ஜோ, செலோ என்ற தந்தி வாத்தியங்களை வைத்துச் 'சேவிங் கிரேஸ்' என்ற சின்னக் கோஷ்டியைக் கட்டினார். சுசி டியன் என்ற பாடகியோடு சிறு மண்டபங்களில் வருடக்கணக்காகப் பாடிப் பாடி, அப்புறம்தான் 2025 செப்டெம்பரில் அல்பம். அப்பா கேட்ட பிடிவாதம் என்னவென்று இப்போது விளங்கும். நேற்றுத் தெரிந்ததை இன்றும் செய்து காட்ட அவருக்கு மனமில்லை. பழைய பாட்டுகளை அவர் ஒதுக்கிவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். பான்ஜோவோடு வேறு உருவில் பாடுகிறார். அப்பாவுக்கு அதிலிருந்து ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை முகத்தைச் சுழிப்பார். இரண்டாம் தடவையும் போடுங்கள்.

கேள்வி: குரலும் விரலும் தளர்ந்த பிறகு மேடையேறுவது ரசிகர்களை ஏமாற்றுவதில்லையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைத்தால் ஏமாற்றுத்தான். சுருதியை இறக்கிப் பாடுவது ஏமாற்றல்ல. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ரொக் கோஷ்டியின் கிற்றார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு விரல்களில் மூட்டுவாதம். அது தன் வாசிப்பை மாற்றியிருக்கிறது என்றும், ஒரு வழி அடைபட்டால் கிற்றாரே இன்னொரு வழியைக் காட்டுகிறது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு 80 வயதாகச் சில வாரங்கள் இருக்கும்போது, 2023 ஒக்ரோபரில், கோஷ்டியின் 'ஹக்னி டயமண்ட்ஸ்' அல்பம் வந்தது. 2005க்குப் பிறகு அவர்கள் சொந்தப் பாட்டுகளோடு வெளியிட்ட முதல் அல்பம் அதுதான். கோவில் திருவிழாவில் வயது போன தவில்காரர் ஒருவர் அடியைக் குறைத்து, இடைவெளி விட்டு வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளியைக் கேட்கவே வீதியில் கனநேரம் நின்றேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். இளமையில் கோஷ்டியில் கிற்றார் வாசித்தேன். இப்போது திரும்பத் தொடங்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இன்றைக்கே தொடங்குங்கள். ஆனால் பழைய கம்பியில் வேண்டாம். கடற்காற்றில் அது துருவேறி விரலை அறுக்கும். மெல்லிய கம்பி கேட்டு வாங்குங்கள். கம்பி கழுத்துப் பலகையைவிட்டு உயர்ந்து நின்றால், வாசிக்க முன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இறக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு கிழமையில் வெறுத்துவிடும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல் மாதம் கோஷ்டிக் காலத்துப் பாட்டு ஒன்றும் வேண்டாம், அந்த வேகத்தை விரல் தேடும், கிடைக்காது. உங்களிடம் படித்த பிள்ளைகளில் யாராவது இசையோடு இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் பாடும் பாட்டுக்கு நீங்கள் பக்கவாத்தியம் வாசியுங்கள்.