லேபில் ஆளுக்கு ஒரு உராய்வுக் குணகம் வருகிறது. எது சரி?

கேட்டவர் எழுதியிருப்பது இது: மரக்கட்டையைப் பலகையில் வைத்து, பலகையைச் சாய்த்து, உராய்வுக் குணகம் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு விடை வந்தது. கடைசியில் சார் ஒரு எண்ணைச் சொல்லி, எல்லோரும் அதையே ரெக்கார்டில் எழுதுங்கள் என்றுவிட்டார். அப்படியானால் உராய்வுக் குணகம் என்பது என்னதான்? தொடும் பரப்பு கூடினாலும் அது கூடாது என்கிறார்களே, எப்படி?

நான் வாத்தியார் இல்லை. மதுரையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்கு 'லேப் அண்ணன்'. இந்தத் தளத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறீர்கள், நான் சொல்வதில் குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் 'எல்லோரும் ஒரே எண்ணை எழுதுங்கள்' என்ற வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வரியைக் காதால் கேட்டே வயசானவன் நான்.

தம்பி, நீங்கள் பதினொன்றாம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். (தங்கச்சியாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஒரு பொருள் இன்னொன்றின் மேல் சறுக்கப் பார்க்கும்போது தடுக்கிற விசை உராய்வு. இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று, பரப்புக்குச் செங்குத்தாக, அழுத்திக்கொள்வது செங்குத்து விசை. சறுக்கத் தொடங்கும் தறுவாயில் இருக்கும் உராய்வைச் செங்குத்து விசையால் வகுத்தால் வருவதுதான் ஓய்வுநிலை உராய்வுக் குணகம், அதாவது மியூ. மேலே நியூட்டன், கீழே நியூட்டன், அதனால் அலகு கிடையாது. சறுக்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் உராய்வு கொஞ்சம் இறங்கிவிடும். அதற்கு இயக்க உராய்வுக் குணகம் என்று தனியாக ஒன்று. இவ்வளவும் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும்.

புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 'மரத்தின் உராய்வுக் குணகம் எவ்வளவு?' என்று கேட்கவே கூடாது. எந்த மரத்தின் மேல் எந்த மரம், இழைத்ததா இழைக்காததா, எண்ணெய்க் கை பட்டதா, தூசி படிந்ததா, எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். அடர்த்தி மாதிரி ஒரு பொருளுக்குள்ளேயே இருக்கும் குணம் இல்லை இது. இரண்டு பரப்புகளுக்கும் அன்றைக்கு இருந்த நிலைமைக்கும் சேர்த்துத்தான் ஒரு மதிப்பு. அட்டவணைகளில் மரத்தின் மேல் மரத்துக்கு 0.25 முதல் 0.5 வரை என்று ஒரு வீச்சாகவே போட்டிருப்பார்கள். அச்சடித்தவனே ஒரே எண்ணைச் சொல்லவில்லை, உங்கள் சாருக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது?

எங்கள் லேபில் நடந்ததைச் சொல்கிறேன்.

சாய்தளச் சோதனை எளிமையானது. கட்டையை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்க வேண்டும். கட்டை நழுவும் நொடியில் நிறுத்தி, முனையின் உயரத்தை அளந்து, தரையில் பலகை அடைத்துக்கொண்ட நீளத்தால் வகுத்தால் மியூ வந்துவிடும். கோணத்தின் டேன் மதிப்பு அதுதான். எடையே தேவையில்லை. சரிவோடு கீழே இழுக்கும் பங்கிலும் பலகையை அழுத்தும் பங்கிலும் அதே எடைதான் பெருக்கலாக வருகிறது, அதனால் வகுக்கும்போது அடிபட்டுப் போகும். பாகைமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஸ்கேல் போதும்.

ஒரு வருடம் இந்தச் சோதனையில் ஒரு மேசை முழுக்க 0.34, 0.35, 0.33 என்று வந்துகொண்டிருந்தது. அதே பலகை, அதே கட்டை, ஒரு பிள்ளைக்கு மட்டும் 0.48. அடித்தளம் 50 சென்டிமீட்டர் வரும்போது மற்றவர்களுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டை நழுவியது, அவளுக்கு 24. திரும்பச் செய்தாள், திரும்பவும் 24-க்குப் பக்கத்தில்தான். சார் வந்து நோட்டைப் பார்த்தார். "என்ன இது, எல்லாருக்கும் ஒண்ணு வந்தா உனக்கு ஒண்ணு வருது? அடிச்சிட்டு 0.35 போடு" என்றார். அவள் அடிக்கவில்லை. "சார், எனக்கு அப்படித்தான் வருது" என்று நின்றாள். கண்ணில் தண்ணீர்.

நான் பீரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மற்ற பிள்ளைகள் கட்டையைப் பலகையின் நடுவில் வைத்தார்கள். இவள் மேல்முனையில் வைத்தாள். அந்தப் பலகை அந்த லேபுக்கு என்னைவிட மூத்தது. எத்தனையோ செட் பிள்ளைகள் நடுவிலேயே கட்டையைச் சறுக்கவிட்டு, நடுவிலேயே கை வைத்துப் பிடித்து, வியர்வையும் எண்ணெயும் ஏறி நடுப்பகுதி மெருகு போட்டதுபோல் ஆகிவிட்டது. முனையில் மட்டும் பழைய இழை அப்படியே இருந்தது. விரலால் தடவினாலே தெரியும். அவளுடைய 0.48-ம் சரி, மற்றவர்களுடைய 0.34-ம் சரி. ஒரே பலகைக்கு இரண்டு மியூ என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை தன்னை அறியாமலே கண்டுபிடித்திருக்கிறது. அதைக் கொண்டாட வேண்டாமா?

"சார், அந்தப் பாப்பா வேற இடத்துல வச்சிருக்கு, அதான்" என்றேன். "அண்ணே, நீங்க போய் பீரோவைப் பூட்டுங்க" என்றார்.

பூட்டினேன். வேறென்ன செய்ய? அவரைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பாடம் நன்றாக எடுப்பார், பிள்ளைகளுக்கும் அவரைப் பிடிக்கும். போர்டில் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு, கணக்கில் வராத எண் கண்ணை உறுத்தும். ஆனால் லேப் எதற்கு இருக்கிறது? ரீடிங் முன்கூட்டியே தெரியும் என்றால் கட்டையும் பலகையும் எதற்கு?

அந்த வருடமே செல்லூர்ப் பக்கம் ஓர் ஆசாரியைப் பிடித்து என் செலவில் ஒரு கட்டை செய்து வாங்கினேன். ஒரு முகம் இழைத்த மரம், ஒரு முகத்தில் உப்புத்தாள், ஒரு முகத்தில் பழைய சைக்கிள் டியூப். மதிய இடைவேளையில் வருகிற பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பேன். டியூப் முகத்தை வைத்துத் தூக்கினால் 45 பாகை தாண்டியும் கட்டை அசையாது. 45 பாகைக்கு டேன் 1. அப்படியானால் மியூ ஒன்றுக்கு மேல் போகும். போகாது, குணகம் என்றால் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் என்று இன்றும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. நன்றாகத் துடைத்த கண்ணாடியின் மேல் கண்ணாடி 0.9-க்கு மேல் போகும். டெஃப்லான் பூச்சு 0.04 வரை இறங்கும். வழவழப்பாக இருந்தாலே உராய்வு குறைவு என்பதும் எப்போதும் சரியில்லை. கண்ணாடியைவிட வழவழப்பாக வீட்டில் என்ன இருக்கிறது?

சரி, பரப்பு விஷயம். அதே கட்டையைப் படுக்க வைத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நழுவும் (பக்கங்களும் ஒரே மாதிரி இழைத்திருந்தால்). 1699-இல் பாரிஸ் அறிவியல் அகாடமியில் அமோன்தோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைச் சொன்னபோது அங்கிருந்தவர்களுக்கே சந்தேகம், சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அவருக்கு இருநூறு வருடம் முன்பே லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார், அது யார் கண்ணிலும் படவில்லை. 1785-இல் கூலும் விரிவாக எழுதினார். மின்னூட்டப் பாடத்தில் வருகிற அதே கூலும்தான். காரணம் பிடிபட இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்று இருவர் அதைத் தெளிவாக்கினார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற பரப்பு உண்மையில் மேடும் பள்ளமும். இரண்டு பரப்புகள் தொடுவது மேட்டு நுனிகளில் மட்டும். கட்டையைப் படுக்க வைத்தால் எடை பரவிவிடுகிறது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அழுத்தம் குறைவு, அங்கே நசுங்கித் தொடுகிற இடமும் குறைவு. நிறுத்தி வைத்தால் சின்ன இடத்தில் அழுத்தம் கூடி, நுனிகள் அதிகம் நசுங்குகின்றன. கூட்டிப் பார்த்தால் நிஜமாகத் தொடுகிற பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அது எவ்வளவு என்பதைச் செங்குத்து விசைதான் தீர்மானிக்கிறது.

'அப்படியென்றால் பந்தயக் காருக்கு எதற்கு அகலமான டயர்?' என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். ரப்பர் இந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது. அமுக்க அமுக்க அதன் மியூ குறையும், அகலமான டயரில் அழுத்தம் பரவிவிடுவதால் அந்தக் குறைவு கொஞ்சம் தவிரும், சூட்டுக்கும் தேய்மானத்துக்கும் தனிக் கணக்கு. இது இயற்கையின் அடிப்படை விதி கிடையாது, பல பொருள்களுக்கு நன்றாகப் பொருந்துகிற அனுபவ விதி.

பிள்ளைகள் இன்னும் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, உராய்வு எப்போதும் மியூ பெருக்கல் செங்குத்து விசை என்று நினைப்பது. 5 கிலோ பெட்டி, ஓய்வுநிலை மியூ 0.4. செங்குத்து விசை 49 நியூட்டன், உச்சபட்ச உராய்வு 19.6. நீங்கள் 10 நியூட்டனில் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 19.6 என்று எழுதினால் பெட்டி உங்கள் மேலேயே திரும்பி வர வேண்டும்! பதில் 10 தான். கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும். 19.6 என்பது அதன் எல்லை, பெட்டியை நகர்த்த அதைத் தாண்ட வேண்டும்.

இன்னொன்று, செங்குத்து விசை என்றால் எடை என்று மனப்பாடம் செய்துகொள்வது. கிருஷ்ண ஜெயந்திக்கு நம்ம ஊர்ப்பக்கம் வழுக்கு மரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் நட்டுக்குத்தலாக நிற்கிறது. ஏறுகிறவனுடைய எடை மரத்தை அழுத்தவே இல்லை. கையும் காலும் இறுக்கிப் பிடிக்கிற பிடிதான் அங்கே செங்குத்து விசை. 50 கிலோ பையனின் எடை 490 நியூட்டன். மியூ 0.5 என்றால் எல்லாப் பிடியும் சேர்ந்து 980 நியூட்டன் வேண்டும், அதுவே சிரமம். எண்ணெய் தடவி மியூ 0.1-க்கு இறங்கிவிட்டால் 4900 நியூட்டன், அரை டன் பாரத்தை மரத்தின் மேல் அழுத்துவதற்குச் சமம். எவனால் முடியும்? அதனால்தான் ஆள் மேல் ஆள் நின்று ஏறுகிறார்கள், மண்ணைத் தேய்த்து எண்ணெயை வழித்துவிடப் பார்க்கிறார்கள். மண் தேய்ப்பது மியூவை ஏற்றுகிற வேலை.

சித்திரைத் தேரையும் உராய்வுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். தேர் உருளுகிறது, அது வேறு கணக்கு. மாசி வீதி முக்கில் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறார்களே, உங்கள் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஆட்களிடம் கேட்டால் எந்தக் கட்டை பிடிக்கும், எது வழுக்கும் என்று பரப்பைப் பார்த்தே சொல்வார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவருக்கு டிபன் எங்கே வாங்குவது, மதியம் பிரியாணியா சாப்பாடா என்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியைத் தராசுக்குக் காட்டியிருந்தால் நாலு தராசு சரியாக ஆடியிருக்கும். தராசு ரிப்பேருக்கு நான் எழுதிக் கொடுத்த தாள் எந்த ஃபைலில் இருக்கிறதோ. லேப் உதவியாளன் என்று பெயர், மணி அடிப்பதும் விடைத்தாள் கட்டுவதும் டீ வாங்கி வருவதும்தான் உத்தியோகம். இதைச் சொன்னால் 'வயிற்றெரிச்சல்' என்பீர்கள். இருக்கட்டும்.

உங்கள் ரெக்கார்டுக்கு வருகிறேன். மேசையில் எல்லோரும் எடுத்த ரீடிங்கையும் வாங்கி ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். யார் எந்த இடத்தில் வைத்தார்கள், கட்டையின் எந்த முகம், பலகையைத் துடைத்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ரீடிங்கை மட்டும் ஐந்தாறு முறை எடுத்துச் சராசரி போடுங்கள், மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் பக்கத்தில் காட்டுங்கள். பலகையை வெடுக்கென்று தூக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே கட்டை சீக்கிரம் நழுவும். நழுவும் பரப்பில் விரலை வைக்காதீர்கள். சார் அதற்குப் பிறகும் தன் எண்ணைத்தான் எழுத வேண்டும் என்றால், மார்க் அவர் கையில் இருக்கிறது, எழுதிவிடுங்கள். உங்கள் ரீடிங்கைத் தனி நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடைக்குப் பக்கத்தில் மட்டும் பழக்கத்தில் நியூட்டன் என்று போட்டுவிடாதீர்கள், அதற்கு அரை மார்க் வெட்டுவார்கள். வெட்டுவதும் நியாயம்தான்.