பட்டறை பதில்கள்: ஸ்ட்ரட் பார்ல கலர விடுங்க, வளைவப் பாருங்க

கேள்வி: அண்ணே, 2007 மாடல் மிட்சுபிஷி செடியா வச்சிருக்கேன், ரெண்டு லிட்டர் இன்ஜின். ஞாயித்துக்கெழம காலையில ஈசிஆர்ல சாயல்குடி வரைக்கும் ஒரு ரவுண்டு போவேன், இந்த வருஷம் கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குல ஓட்டிப் பாக்கணும்னு ஆச. ஸ்ட்ரட் பார் போட்டா வண்டி ரோட்டக் கவ்விப் புடிக்கும்னு பசங்க சொல்றாங்க. தேடுனா செவப்பு அலுமினியம், கருப்பு ஸ்டீலு, நேரானது, வளைஞ்சது, மூணு பாயிண்டுன்னு எக்கச்சக்கமா கெடக்கு. எதத்தான் வாங்குறது?
(உச்சிப்புளி வாசகர்)

பதில்: இன்னும் செடியா ஓட்டுறீங்களா தம்பி, கேக்கவே சந்தோஷமா இருக்கு. நம்ம திருவள்ளூர் பிளான்ட்லருந்து வந்த வண்டி, இப்ப ஸ்பேர் தேடுறதுக்குள்ள தாவு தீந்துருது, அது தனிக் கத.

மொதல்ல அந்த பார் என்ன வேல பாக்குதுன்னு புரிஞ்சுக்கங்க, அப்புறம் எத வாங்குறதுன்னு நீங்களே சொல்லிருவீங்க. உங்க வண்டியில முன்னாடி இருக்குறது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டு கம்பெனி இன்ஜினியர் ஏர்ல் மெக்பெர்சன் கொண்டு வந்த டிசைன், 1950லயே ஃபோர்டு கான்சல் கார்ல வந்துருச்சு. இதுல வீலுக்கு கீழ மட்டும்தான் ஆர்ம், மேல ஆர்ம் கெடையாது, அந்த ஷாக்கே நின்னு வீலப் புடிச்சுக்குது, ஷாக்கோட உச்சி பானட்டுக்கு அடியில ரெண்டு ஓரத்துலயும் குடம் கவுத்த மாதிரி இருக்குற டவர்ல போல்ட் ஆகியிருக்கு. அதனால நீங்க வளைவுல திருப்பும்போதும் ஒரு பக்க வீலு குழியில விழும்போதும் பக்கவாட்டு தள்ளுல ஒரு பங்கு டவர் உச்சிக்குப் போகுது, அதுவும் ரெண்டு டவருக்கும் ஒரே அளவா போகாது. டவர் வெறும் தகரம்தான, மில்லிமீட்டர்ல ஒரு பங்காவது அசையும், அசைஞ்சா கேம்பர், அதாவது வீலு சாஞ்சு நிக்கிற கோணம், துளி மாறும், ஸ்டியரிங் திருப்பி வண்டி திரும்புறதுக்குள்ள ஒரு கொழகொழப்பு தெரியும். ரெண்டு டவரையும் குறுக்க ஒரு பார் போட்டு கட்டிட்டா நடுவுல இருக்குற தூரம் மாறாது. ஸ்ட்ரட் பாரோட மொத்த வேலையும் இதுதான்.

சரி, தூரம் மாறக்கூடாதுன்னா அந்தக் கம்பி சுருங்கவும் கூடாது நீளவும் கூடாது. இங்கதான் முக்காவாசி பேரு ஏமாறுறாங்க. 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2 மில்லிமீட்டர் கனம், 1 மீட்டர் நீளத்துல ஒரு ஸ்டீல் பைப்ப எடுத்துக்கங்க. அது நேரா இருந்தா மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு சுருங்குறதுக்கே கிட்டத்தட்ட 290 கிலோ தள்ளணும். அதே பைப்ப இன்ஜின் இடிக்குதுன்னு நடுவுல 10 சென்டிமீட்டர் வில்லு மாதிரி வளச்சு, ரெண்டு முனையிலயும் கீல் மாதிரி ஒத்தப் போல்ட்ல மாட்டிட்டீங்கன்னா, அதே அளவு சுருங்க 4 கிலோகூட வேணாம். பேப்பர் கணக்குதான், ஆனா வித்தியாசம் எம்பது மடங்கு, ரோட்டுல கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் கத மாறப்போறதில்ல. நேரான பார் அமுங்கணும்னா உலோகமே சுருங்கணும், வளைஞ்சது சும்மா இன்னும் கொஞ்சம் வளைஞ்சு குடுத்துரும். 5 சென்டிமீட்டர் வளைவுக்கே இருபது மடங்கு போயிருது.

இப்ப செவப்பு அலுமினியத்துக்கு வருவோம். அலுமினியத்தோட விறைப்பு ஸ்டீல்ல மூணுல ஒரு பங்குதான், அதே சைஸ் நேரான அலுமினிய பைப்புக்கு அந்த 290 கிலோ நூறு கிலோவா எறங்கும். எறங்குனாலும் வளைஞ்ச ஸ்டீல விட எத்தனையோ மடங்கு மேல. அதனால கடையில கையில எடுத்துப் பாக்கும்போது ஸ்டீலா அலுமினியமான்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு முனையில கண்ண வச்சு மறுமுனைய பாருங்க, மரக்கட்ட வாங்கப் போனா பெரியவங்க பாப்பாங்கல்ல, அப்படி. வளைஞ்சுதான் ஆகணும், இன்ஜின் விடாதுன்னா, முனையில பிளேட்டோட சேத்து வெல்டு வச்ச ஒரே பீஸா எடுங்க, பைப்பும் தடிமனா இருக்கட்டும். பெரிய விட்டம் வளைவ நல்லா தாங்கும். கீல் வச்சது, அதுலயும் வளைஞ்சது, அது பானட்டத் தொறந்து போட்டோ எடுக்கத்தான் ஆகும்.

மூணு பாயிண்டுங்குறது ரெண்டு டவரோட சேத்து ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்குற தகரச் சுவரு, அதுலயும் ஒரு புடி போடுறது. ரெண்டு பாயிண்டு பார் நடுத்தூரத்த மட்டும்தான் காப்பாத்தும், ரெண்டு டவரும் சேந்து ஒரே பக்கம் சாஞ்சா அது ஒண்ணும் பண்ணாது, மூணாவது புடி முக்கோணமா நின்னு அதையும் தடுக்கும். ஆனா ஃபயர்வால்ல தொள போட்டு வெறும் தகரத்துல மாட்டுனா ஒரு புண்ணியமும் இல்ல, உள்ள கனமான பிளேட் இருக்குற எடமா பாத்து புடிக்கணும். பானட்டத் தொறந்து பாருங்க, டவர் ரெண்டும் ஏற்கனவே ஃபயர்வால ஒட்டியே இருக்குற கார்ல ஸ்ட்ரட் பாரால கெடைக்கிறது ரொம்பக் கம்மி, டவர் முன்னாடி தள்ளித் தனியா நின்னா பலன் தெரியும். உங்க வண்டி வயசானது, அதனால போடலாம்னுதான் சொல்வேன், நேரான ஸ்டீலு, பெயிண்ட் நல்லா அடிச்சது. ஏன் ஸ்டீலுன்னு அடுத்த கேள்வியில சொல்றேன்.

அதுக்கு முன்னாடி லோயர் ஆர்ம் புஷ் (கீழ் ஆர்ம் மாட்டுற எடத்துல இருக்குற ரப்பர்), ஷாக், டயர் மூணையும் பாத்துருங்க. புஷ் கிழிஞ்ச வண்டியில வீலு மில்லிமீட்டர் கணக்குல ஆடிக்கிட்டு இருக்கும், நீங்க மேல மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்க காப்பாத்திக்கிட்டு இருப்பீங்க. அப்புறம் ஈசிஆருக்கு இது வேணுமான்னா வேணாம், கீழக்கரை தாண்டுனா ரெண்டு பக்கமும் சீமக்கருவேலும் பனையும் பாத்துக்கிட்டு நேரா போற ரோடு, அதுல ஸ்ட்ரட் பாருக்கு வேலையே கெடையாது. கரிக்குப் போறீங்கன்னாத்தான் காசுக்கு அர்த்தம் இருக்கு.

கேள்வி: எங்க காக்கா (அண்ணன்) துபாயிலருந்து அடுத்த மாசம் வராரு, கார்பன் ஃபைபர் ஸ்ட்ரட் பார் கொண்டாரேன்னு சொல்றாரு. வீடு கடக்கரையிலருந்து கூப்புடு தூரம். கார்பன்தான் துருப்புடிக்காதே, வாங்கிக்கலாமா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: கார்பன் துருப்புடிக்காதுங்குறது வாஸ்தவம், அது பக்கத்துல இருக்குறவன அரிக்க வச்சுரும், அதுதான் சிக்கல். கார்பன் ஃபைபர்ல கரண்ட் பாயும். அத அலுமினிய முனையோட ஒட்டி வச்சு மேல உப்புத்தண்ணி பட்டா அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் கரைய ஆரம்பிச்சுரும், வெள்ள வெள்ளயா மாவு பூத்து நிக்கும். நல்ல கம்பெனி நடுவுல பசையோ ஃபைபர் கிளாஸோ வச்சு ரெண்டையும் பிரிச்சு வச்சிருப்பாங்க, மட்டமான சரக்குல அது இருக்காது, வெளியிலருந்து பாத்து கண்டுபுடிக்கவும் முடியாது. போதாக்கொறைக்கு வெறும் அலுமினிய பைப்பு மேல கார்பன் ஸ்டிக்கர் சுத்தி விக்கிறவனும் இருக்கான்.

அலுமினிய பிளேட்ல ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் இதே கததான், போல்ட் பளபளன்னு இருக்கும், சுத்தி அலுமினியம் பொரிஞ்சு போயிருக்கும். கடல் இல்லாத ஊரு வண்டிக்கு இது கவலையில்ல, மதுரையில இருக்குறவங்க எத வேணா போடட்டும். நம்ம பக்கம் ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கும்போது தனுஷ்கோடி ரோட்டுல போயிட்டு வந்து பானட்டத் தொறந்தா, விரல வச்சு இழுத்தா பிசுபிசுன்னு உப்பு வரும். அரிச்சல்முனை வரைக்கும் 2017ல ரோடு போட்டதுலருந்து ஆண்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) பெண்கடலுக்கும் (பாக் நீரிணைப் பக்கம்) நடுவுல நேரா முனைக்கே வண்டிய விட்டுர்றோம், வண்டி ரெண்டு பக்கமும் குளிக்குது.

அதனாலதான் பெயிண்ட் அடிச்ச ஸ்டீல் பார் போதும்ங்குறேன். துரு புடிச்சா கண்ணுக்குத் தெரியும், சொரண்டிட்டு பிரைமர் அடிச்சு மறுபடி பெயிண்ட் அடிச்சுரலாம். பவுடர் கோட்டிங்ல மட்டும் ஒரு எடம் தெறிச்சுருந்தா விட்டுராதீங்க, உப்பு உள்ள பூந்து தோலுக்கு அடியிலயே பரவும், மேல பளபளப்பா இருக்கும்போதே உள்ள அரிச்சுரும். இன்னொண்ணு, பாரோட பிளேட்டு டவர் மேல உக்காருற எடத்துல உப்புத்தண்ணி தங்கும். மாட்டுறதுக்கு முன்னாடி அந்த எடத்த தொடச்சு கிரீஸ் மெலிசா தடவுங்க, நட்டு இறுக்குற மறைக்கு மட்டும் படாம பாத்துக்கங்க, மறை வழுக்குனா டார்க், அதாவது நட்ட இறுக்குற திருகு விசை, கணக்கு தப்பிரும். பாரு போனா போகுது, டவரு துருப்புடிச்சா வண்டியே போச்சு.

காக்காகிட்ட கார்பனுக்கு பதிலா நல்ல டார்க் ரென்ச் ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க.

கேள்வி: பாம்பன் பாலத்துல ஏறுனா ஒவ்வொரு ஜாயிண்டுலயும் முன்னாடி கட கடன்னு சத்தம். ஸ்ட்ரட் பார் போட்டா நிக்குமா?
(ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: நிக்காது. அந்தச் சத்தம் பெரும்பாலும் லிங்க் ராடு (வண்டி சாயாம புடிக்கிற கம்பிய ஸ்ட்ரட்டோட இணைக்கிற சின்ன ராடு), இல்லன்னா டவர் உச்சியில இருக்குற ஸ்ட்ரட் மவுண்டு ரப்பரும் பேரிங்கும். வண்டிய நிறுத்திட்டு ஒருத்தர ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்லி நீங்க டவர் மேல கைய வச்சுப் பாருங்க, உள்ள டொக்குனு ஸ்பிரிங் குதிக்கிறது தெரிஞ்சா மவுண்டு பேரிங் போச்சு. கை எதுவும் சொல்லலன்னா லிங்க் ராட ஆட்டிப் பாருங்க. அந்த மவுண்டு மேல ஸ்ட்ரட் பார மாட்டி மூடிட்டா அப்புறம் தேடவும் சிரமம்.

கேள்வி: பார் வாங்கி வச்சுட்டேன். வீட்டுலயே மாட்டலாமா, பட்டறைக்குப் போகணுமா?
(தொண்டி வாசகர்)

பதில்: டவர் உச்சியில நடுவுல ஒரு பெரிய நட்டும் சுத்தி மூணு சின்ன நட்டும் இருந்தா வீட்டுலயே மாட்டலாம். சுத்தி இருக்குற மூணத்தான் கழட்டணும். நடு நட்ட தொடவே தொடாதீங்க, உள்ள ஸ்பிரிங் அமுங்கி நிக்குது, அது கழண்டா ஆளையே அடிச்சுரும். இத ரெண்டாவது தடவையும் படிச்சுருங்க. சில கார்ல மேல நடு நட்டு மட்டும்தான் இருக்கும், அந்த மாதிரி வண்டின்னா பட்டறைக்குப் போங்க.

ஜாக்கி போடக்கூடாது. சமதரையில வண்டி நாலு கால்லயும் நிக்கட்டும், அந்த வெயிட்டுதான் ஷாக்க டவரோட ஒட்ட வச்சுருக்கும், தூக்குனீங்கன்னா ஷாக்கு கீழ எறங்கிரும். பிளேட்ட போட்டு நட்ட கையால மட்டும் திருகிட்டு பாருங்க, மறை நட்டத் தாண்டி ஒண்ணு ரெண்டு சுத்தாவது வெளிய தெரியணும், தெரியலன்னா பிளேட்டு ரொம்ப கனம், திருப்பிக் குடுத்துருங்க. அடுத்து குறுக்குக் கம்பி. நீளத்த மாத்துற மாதிரி நடுவுல திருகு இருக்குற பார்ல எல்லாரும் பண்ற தப்பு, நல்லா திருகி டவர தள்ளி வச்சா இன்னும் விறைப்பா இருக்கும்னு நெனைக்கிறது. அப்படிப் பண்ணா கேம்பர்தான் மாறும். போல்ட்டு கையால தள்ளுனாலே ஓட்டைக்குள்ள போற நீளத்துல நிறுத்துங்க, அப்புறம் சர்வீஸ் மேனுவல் சொல்ற டார்க்குல இறுக்குங்க.

பானட்ட உடனே படக்குன்னு சாத்திராதீங்க. பார் மேல அங்கங்க களிமண் உருண்ட வச்சு மெதுவா சாத்தித் தொறங்க, நசுங்குன உருண்டையோட கனத்தப் பாத்தா எவ்வளவு இடைவெளின்னு தெரிஞ்சுரும். இன்ஜின் மவுண்டுல ஆடும்ங்குறதையும் மறந்துராதீங்க, இன்ஜினுக்கும் பாருக்கும் நடுவுல ரெண்டு விரலாவது போகணும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு நட்ட இன்னொரு தடவ பாருங்க, அலைன்மென்டும் பாத்துருங்க.

கேள்வி: எங்க ஊரு வெல்டிங் பட்டறையில ஜிஐ பைப்புல செஞ்சு தரேங்குறாங்க, கால்வாசி வெலதான் ஆகும்.
(தேவிபட்டினம் வாசகர்)

பதில்: பைப்பு ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, நேரா இருந்தா உள்ளூர் பாரும் வேல செய்யும். ஆனா ஜிஐ வேணாம், அது மேல துத்தநாகம் பூசுன இரும்பு, வெல்டு வைக்கும்போது துத்தநாகம் புகையா வரும், அத சுவாசிச்சவருக்கு அன்னைக்கு ராத்திரியே குளிர் காய்ச்சல், வெல்டும் ஓட்டையா விழும். பூச்சு இல்லாத சாதா எம்எஸ் இரும்பு பைப்புல வெல்டு வச்சுட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க. முனை பிளேட்டுதான் கஷ்டம். மூணு ஓட்டையும் டவர் மேல நீட்டிக்கிட்டு நிக்கிற போல்ட்டுக்கு (ஸ்டட்) சரியா உக்காரணும், அட்டையில மாதிரி வெட்டி காருல வச்சுப் பாத்துட்டு அத குடுங்க. ஓட்டைய பெருசாக்கி சரிக்கட்டுறேன்னு சொன்னா வாங்காதீங்க, அந்த ஆட்டத்த நிறுத்தத்தான் பாரே போடுறோம்.

கேள்வி: ஐ20 என் லைன் வச்சிருக்கேன். பின்னாடி ஸ்ட்ரட் பாரும் சேத்துப் போடலாமா?
(ராமநாதபுரம் வாசகர்)

பதில்: பின்னாடி உங்களுக்கு ஸ்ட்ரட்டே கெடையாது, டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின் வீலையும் இணைக்கிற குறுக்குச் சட்டம். வீலப் புடிச்சுக்குறது அந்த பீம், ஸ்பிரிங் தனியா கீழ நிக்குது, மேல டவர்ல வர்றது ஷாக்கோட தள்ளு மட்டும்தான். டிக்கியில எடம் அடைக்கும், சந்த மூட்டையக் கூட வைக்க முடியாது. விட்டுருங்க.