வில்லியம் சலிபாவை மூன்று ஆண்டுகள் வெளியே அனுப்பி வைத்தது ஆர்சனலின் தவறா?

கேள்வி கேட்டவர் முன்வைத்திருப்பது இதுதான்: 2019இல், 18 வயதில் லண்டன் கால்பந்து அணியான ஆர்சனல் வாங்கிய பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர் வில்லியம் சலிபா, அந்த அணிக்காகத் தன் முதல் போட்டியில் ஆட 2022 வரை காத்திருக்க நேர்ந்தது, அந்தக் காத்திருப்பு அவரை வளர்த்ததா, வீணடித்ததா? இரண்டும் நடந்தன என்பதே என் பதில். மூன்று ஆண்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் ரசிகர்களிடையே இந்த வாதம் இன்றும் ஓயாமல் இருக்கிறது. 2020இன் பிற்பாதி அவருக்கு வீணாகப் போன காலம். பிரான்ஸின் மார்செய் அணியில் கழித்த பருவமோ அவருடைய ஆட்ட வாழ்க்கையில் கிடைத்த பெரும் பேறு.

பாரிஸின் புறநகரான போந்தியில் 2001 மார்ச் 24 அன்று பிறந்தவர் சலிபா. அதே ஊரிலிருந்து வந்த பிரெஞ்சு நட்சத்திர ஆட்டக்காரர் கிலியன் எம்பாப்பேயின் தந்தை வில்ஃப்ரிட், அவ்வூர் அணியில் சிறுவன் சலிபாவுக்குப் பயிற்சி அளித்தவர்களில் ஒருவர். 2016இல் பிரான்ஸின் செயின்ட் எட்டியென் அணியின் இளையோர் பயிற்சி மையத்தில் சேர்ந்த சலிபா, 2018 செப்டம்பரில் துலூஸ் அணிக்கு எதிராக, 17 வயதில், முதல் நிலை ஆட்டத்தில் களமிறங்கினார். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் 16 முறை ஆடியதைப் பார்த்தே ஆர்சனல் 2019 ஜூலையில் சுமார் 2.7 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. வாங்கிய கையோடு அதே செயின்ட் எட்டியென்னுக்கு ஓராண்டு இரவலாகவும் கொடுத்தது. இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பழகிய அணியில், பழகிய மொழியில் இன்னும் ஓராண்டு ஆடுவது 18 வயதுப் பையனுக்கு நல்லதுதான்.

சிக்கல் அந்தப் பருவத்தின் முடிவில் தொடங்கியது. கொரோனாவால் பிரெஞ்சு லீக் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பிரெஞ்சுக் கோப்பை இறுதிப் போட்டி 2020 ஜூலை 24ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. இரவல் ஒப்பந்தமோ ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அதை நீட்டிப்பதில் இரு கிளப்புகளுக்கும் உடன்பாடு ஏற்படாததால், தன்னை வளர்த்த அணி பாரிஸ் செயின்ட் ஜெர்மனை எதிர்த்து இறுதிப் போட்டி ஆடியபோது சலிபா அந்த அணியில் இல்லை. அந்த ஆட்டத்தில், எம்பாப்பே மீது தாமதமாகப் பாய்ந்ததற்காகச் செயின்ட் எட்டியென் கேப்டன் லோயிக் பெரான் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அணி 1-0 எனத் தோற்றது. சலிபாவுக்கு அருகில் நின்று தடுப்பாட்டத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொடுத்த மூத்தவர் பெரான். இளைஞன் பக்கத்தில் இல்லாத நிலையில் மூத்தவர் தலை குனிந்து வெளியேறிய அந்தக் காட்சி இன்றும் என்னை வருத்துகிறது.

அதன்பின் லண்டனுக்கு வந்த சலிபாவை ஆர்சனல் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டேட்டா, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் போட்டியின் குழுச் சுற்றுக்கான பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. முதல் அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடாமல் மாதங்கள் கழிந்தன. நான் கல்லூரி நாட்களில் நடுத்தடுப்பில் ஆடியவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: முன்வரிசை ஆட்டக்காரனைப் பத்து நிமிடம் மாற்று ஆளாக இறக்கிப் பழக்கலாம், தடுப்பாட்டக்காரனை அப்படிப் பழக்க முடியாது. எப்போது பின்வாங்குவது, எப்போது முன்னே பாய்வது, பக்கத்தில் நிற்பவன் எங்கே நகர்வான் என்பதெல்லாம் தொண்ணூறு நிமிடங்களை மீண்டும் மீண்டும் ஆடித்தான் உடம்பில் ஏறும். பயிற்சித் திடலில் பிழை செய்தால் கோல் விழும், அவ்வளவுதான். ஆட்டத்தில் பிழை செய்தால் அணி தோற்கும். அந்தப் பயத்தோடு ஆடிப் பழகவேண்டிய வயதில் அவரைச் சும்மா உட்கார வைத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

2021 ஜனவரியில் நீஸ் அணிக்குப் போனதும் அவர் மீண்டும் வாரந்தோறும் ஆடத் தொடங்கினார். அதற்கடுத்த பருவத்தில்தான் மார்செய். பயிற்சியாளர் ஹோர்ஹே சம்பவோலி, ஆட்டத்தைத் தடுப்பாட்டக்காரர்களின் காலிலிருந்தே தொடங்கச் சொல்பவர். அணி முன்னேறி நிற்கும்போது பின்னால் பரந்து கிடக்கும் வெற்றிடத்தைக் காப்பதும் அவர்கள் பொறுப்புதான். எல்லாப் போட்டிகளையும் சேர்த்து அந்தப் பருவத்தில் சலிபா 52 ஆட்டங்கள் ஆடினார். 2021 அக்டோபரில், பாரிஸுக்கு எதிரான கோலற்ற ஆட்டத்தின் பிற்பகுதியில், கோலை நோக்கி விரைந்த எம்பாப்பேயை அவர் தடுத்த விதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உலகின் அதிவேக ஆட்டக்காரர் ஒருவர் முன்னே ஓடுகிறார், பின்னால் வருபவர் அவசரப்படவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை, சரியான நொடி வரும்வரை ஓடிவந்து, அப்போதுதான் சறுக்கிப் பந்தை மட்டும் எடுக்கிறார். மார்செய் லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது; சலிபா பிரெஞ்சு லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்; 2022 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் அணிக்கு எதிராக, அதே மார்செய் மைதானத்தில், பிரான்ஸ் அணிக்காக முதன்முறை ஆடினார்.

2022 ஆகஸ்ட் 5 அன்று கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு எதிராக ஆர்சனலுக்காக முதல் ஆட்டம். அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் லெஸ்டருக்கு எதிராக, பந்தைத் தலையால் தன் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டார். அரங்கம் அவரைத் திட்டவில்லை. பெயரைச் சொல்லிப் பாடியது. அதற்கடுத்த வாரம் போர்ன்மத் அணிக்கு எதிராக, பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து இடது காலால் வளைத்தடித்த பந்து வலைக்குள் போனது. அந்த எட்டு நாட்களில் ரசிகர்களுக்கும் அவருக்கும் இடையே ஏற்பட்ட பிணைப்பு பிறகு அறுபடவே இல்லை.

அவருடைய மதிப்பை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, அவர் இல்லாத நாட்களைப் பார்ப்பதுதான். 2023 மார்ச் 16 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முதுகில் காயம்பட்டு வெளியேறினார். அந்தப் பருவத்தில் மீண்டும் ஆடவில்லை. அப்போது இங்கிலாந்து லீக்கில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல், ஏப்ரலில் லிவர்பூலிடமும் வெஸ்ட் ஹாமிடமும் 2-2, சவுத்தாம்ப்டனிடம் 3-3 எனச் சமன் செய்து, மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 எனத் தோற்றது. பட்டம் ஐந்து புள்ளிகளில் கைநழுவிப் போனது. எல்லாப் பழியையும் ஒரு காயத்தின் மீது போடுவது நியாயமல்ல. ஆனால் அந்த ஏப்ரலில் ஆர்சனல் விட்ட கோல்களைப் பார்த்தவர்களுக்கு அவர் இடம் எவ்வளவு காலியாக இருந்தது என்பது தெரியும். மறு பருவத்தில் 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார். ஆர்சனல் 29 கோல்களை மட்டுமே விட்டது. பக்கத்தில் நிற்கும் கேப்ரியல் மகலாயிஸ் முன்னே பாய்ந்து மோதுவார். சலிபா பின்னால் நின்று, அவர் விட்ட இடத்தை ஓசையின்றி அடைப்பார். இந்த இரட்டையரின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே சில இரவுகள் கண்விழித்திருக்கிறேன்.

பிரான்ஸ் அணியில் வழி அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 2024 மார்ச்சில்கூடப் பயிற்சியாளர் திதியே தெஷாம், சலிபாவின் ஆட்டத்தில் தனக்குப் பிடிக்காத சில கூறுகள் இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். மூன்று மாதங்கள் கழித்து, ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோ 2024இல், இன்னொரு தடுப்பாட்டக்காரர் உபமெக்கானோவுடன் சேர்த்து எல்லா ஆட்டங்களிலும் அவரையே தொடக்க அணியில் இறக்கினார். அரையிறுதி வரை பிரான்ஸ் விட்ட ஒரே கோல், போலந்துக்குக் கிடைத்த பெனால்டியில் வந்தது.

குறை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். எதற்கும் பதறாத அவருடைய இயல்பு சில சமயம் அசட்டையாக மாறிவிடுகிறது. 2024 அக்டோபரில் போர்ன்மத் மைதானத்தில், கோலை நோக்கி ஓடியவரை இழுத்து வீழ்த்திச் சிவப்பு அட்டை வாங்கினார். 2025 ஏப்ரலில் ரியல் மாட்ரிட் மைதானத்தில், தன் கோல் அருகே பந்தை வைத்துக்கொண்டு தாமதித்தபோது மாட்ரிட்டின் வினிசியஸ் அதைப் பறித்துக் கோல் அடித்தார். கடைசி நிமிடங்களில் மார்த்தினெல்லி அடித்த கோலால் ஆர்சனல் 2-1 என வென்றதால் அந்தப் பிழை பெரிதாகப் பேசப்படவில்லை. பந்தைத் தூர உதைத்துவிட மனம் வராத அதே நிதானம்தான் மார்செய்யில் எம்பாப்பேயைத் துரத்தியபோது அவரைக் காப்பாற்றியது. மாட்ரிட்டில் காலை வாரியது.

2025 செப்டம்பரில் அவர் ஆர்சனலுடன் 2030 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். 2020இல் தன்னைப் பட்டியலில்கூடச் சேர்க்காத அதே ஆர்டேட்டாவின் அணிக்குத்தான், 24 வயதில், எந்தப் பெரிய கிளப்புக்கும் போகக்கூடிய நிலையில் இருந்தபோது, அவர் கையெழுத்திட்டார்.