பிளைண்ட் எது வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு

விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் வந்து எட்டு மாதம் ஆகிறது, எச்1பி வேலை விசா, ஆபீசில் பக்கத்து சீட்காரர் நவம்பர் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், மரத்தில் ஏறி உட்கார பயம், அதனால் தரையில் வைத்து உள்ளே ஒளிந்து உட்காரும் துணிக்கூண்டான கிரவுண்ட் பிளைண்ட் வாங்கலாம் என்று பார்த்தால் 100 டாலரிலும் இருக்கிறது 500 டாலரிலும் இருக்கிறது, எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான் விஸ்கான்சினுக்கு வந்து 16 வருடம் ஆகிறது, அதில் முக்கால்வாசி வருடங்கள் இலையுதிர் காலத்தில் இப்படி ஒரு துணிக்கூண்டுக்குள் உட்கார்ந்தவன். மரத்தில் ஏற எனக்கும் பயம்தான். சொல்கிறேன்.

முதலில் விசா. பிளைண்ட் அப்புறம். எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால்தான் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள், நண்பர் "கொஞ்சம் பிடி" என்று நீட்டியதைக் கையில் வாங்கினாலே சிக்கல். இதற்கு விதிவிலக்கு உண்டு. ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. ஆகவே உரிமம் கையில் வருவதற்கு முன்னால் யாருடைய துப்பாக்கியையும் தொடாதீர்கள், உங்கள் கம்பெனியின் விசா வக்கீலிடமும் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தலைவலி இல்லை. வில்லும், துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு எய்யும் கிராஸ்போவும் மத்தியச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே இல்லை, நான் கிராஸ்போவில் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். 2014 முதல் இங்கே கிராஸ்போவுக்குத் தனி சீசன் இருக்கிறது, எல்லாருக்கும் அனுமதி.

இன்னொன்று, 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முடிக்காமலும் ஒரு வழி இருக்கிறது, அனுபவமுள்ள ஒருவர் கை எட்டும் தூரத்திலேயே கூட இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பயிற்சியை முடித்துவிட்டே போங்கள். நம் ஊரில் வனவிலங்குச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது, நாம் யாரும் தாத்தாவோடு காட்டுக்குப் போய்க் கற்றவர்கள் இல்லை. இங்கே பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பிளைண்ட். நம் ஊர்ச் சோளக்கொல்லையில் காவலுக்குப் பரண் போடுவார்களே, இங்கே மரத்தில் கட்டும் ட்ரீ ஸ்டாண்ட் கிட்டத்தட்ட அது. கிரவுண்ட் பிளைண்ட் அதற்கு நேர்மாறு, தரையோடு தரையாக ஒரு துணிக் கூடாரம், நான்கு பக்கமும் ஜன்னல், உள்ளே கன்னங்கரேல் என்று கறுப்பு. பரணில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை பெரும்பாலும் மானின் தலைக்கு மேலே போய்விடும், பார்வையும் நாலாபக்கமும் ஓடும். பிளைண்டில் இரண்டும் கிடையாது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது, கையைக் காலை அசைக்கலாம், மூக்கைச் சொறியலாம், ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றலாம். முதல் வருடம் யாராலும் சிலை மாதிரி உட்கார முடியாது என்பதால் புதியவருக்கு இது நல்லதுதான்.

என் முதல் பிளைண்ட் கடையில் இருந்ததிலேயே மலிவானது. மவுண்ட் ஹோரெப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய பண்ணை, சோயா வயலின் ஓரம், அக்டோபர் காலை. ஏழு மணி தாண்டியதும் ஒரு பெண் மான் வேலியோரமாக வந்தது, 18 கெஜம் இருக்கும். கிராஸ்போவின் மேல் குறிபார்க்கப் பொருத்திய ஸ்கோப்பில் பார்க்கிறேன், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி துல்லியமாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு இலைகூடக் குறுக்கே இல்லை. விசையை அழுத்தினேன். பறை மேல் அடித்த மாதிரி "டப்" என்று ஒரு சத்தம். அம்பு நான்கு எட்டு தூரத்தில் மண்ணில் குத்தி நிற்கிறது, ஜன்னலின் கீழ் விளிம்பில் கட்டைவிரல் போகிற அளவு கிழிசல். மான் இரண்டு குதி குதித்துத் திரும்பி நின்று, முன்காலால் ஒரு தட்டு தட்டி, நேராக என் ஜன்னலையே பார்த்தது, அப்புறம் நடந்தே போனது. ஓடக்கூட இல்லை, அதுதான் அவமானம்.

நடந்தது இதுதான். ஸ்கோப் மேலே இருக்கிறது, அம்பு போகும் தடம் அதற்குச் சில அங்குலம் கீழே. கண்ணுக்கு ஜன்னல் திறந்திருந்தது, அம்புக்கு மூடியிருந்தது. துப்பாக்கிக்கும் இதே கதைதான், குழல்முனை ஜன்னலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் கூடாரத்தையே நீங்கள் சுடுவீர்கள். கிராஸ்போவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, அதன் கைகள் பக்கவாட்டில் விரிகின்றன, ஜன்னல் குறுகலாக இருந்தால் துணியில் போய் அடிக்கும். ஆகவே விலைச் சீட்டைப் பார்க்கும் முன்னால், கடையில் விரித்து வைத்திருக்கும் பிளைண்டுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜன்னலின் கீழ் விளிம்பு உங்கள் நெஞ்சுக்கு எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். நாற்காலி உயரமும் ஜன்னல் உயரமும் ஜோடி. ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடும். மடக்கு நாற்காலியில் பலதும் தாழ்வானவை, முதுகு வளைத்துக் குனிந்து குறிபார்க்க வைக்கும். சத்தமில்லாமல் சுழலும் நாற்காலிக்கு அறுபது எழுபது டாலர் போனாலும் பரவாயில்லை, அந்தக் காசைப் பிளைண்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது ஹப் வகையாக இருக்கட்டும். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் உள்ள கயிற்று வளையத்தைப் பிடித்து இழுத்தால் குடை விரிவது மாதிரி "டொப்" என்று புடைத்து நிற்கும். வட்டமாகச் சுருண்டு பையில் போகும் கம்பிவளைய வகை இலேசானது, விலையும் குறைவு, ஆனால் காற்றில் ஆடும், திரும்ப மடக்குவதற்குள் பொறுமை போய்விடும். தனியாளுக்கு அடித்தளம் ஐந்தடிக்கு ஐந்தடி போதும் என்பார்கள். கிராஸ்போவோ வில்லோ என்றால் ஆறடிக்குப் போங்கள். துணி தடிமனாக, பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். ஜன்னலை வெல்க்ரோவில் மூடுவதாக இருந்தால் தொடாதீர்கள், அமைதியான காலையில் வெல்க்ரோ கிழிபடும் சத்தம் பக்கத்துப் பண்ணை வரை கேட்கும். கொக்கியோ காந்தமோ உத்தமம். உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்று ஒருவழித் துணி வைத்த புது மாடல்கள் வந்திருக்கின்றன, விலை ஏறுவது அதற்குத்தான். நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் முதல் வருடம் அவசியமில்லை.

எத்தனை ஜன்னல் இருந்தாலும் முன்பக்கம் ஒன்றோ இரண்டோ மட்டும் திறங்கள். முதுகுப்பக்கம் திறந்திருந்தால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து உங்கள் தலையும் தோளும் நிழலுருவமாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் பிளைண்ட் இருந்தும் இல்லாத மாதிரி. வில் சீசனில் உள்ளே கறுப்புச் சட்டை போடுங்கள், இலைப் படம் போட்ட உடுப்பு கறுப்புச் சுவருக்கு முன்னால் எடுப்பாகத் தெரியும். தரையில் இருக்கும் சருகை எல்லாம் மண் தெரியும்வரை கூட்டித் தள்ளுங்கள், காலை நகர்த்தினால் சத்தம் வராது. மூலைகளை ஆணியடித்து, சுவர் நடுவிலிருந்தும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். என் இரண்டாவது பிளைண்டை அப்படிக் கட்டாமல் விட்டு, ஒரு வாரம் கழித்துப் பக்கத்து மக்காச்சோள வயலில் தேடி எடுத்தேன்.

வைக்கும் இடம்தான் நான் அதிகம் தப்பு செய்த விஷயம். நாம் நம் வீட்டை அறிந்ததைவிட மான் தன் இடத்தை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. நேற்று இல்லாத கறுப்புப் பெட்டி இன்று நின்றால் அது ஒதுங்கித்தான் போகும். தனியார் நிலம், சொந்தக்காரர் சம்மதம் உண்டு என்றால் சீசனுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்தி, வெயிலிலும் மழையிலும் புதுத்துணி வாசனை போகவிட்டு, அங்கே கிடக்கும் கிளை, சோளத்தட்டை எல்லாம் சாய்த்துக் கட்டிவிடுங்கள். வேலியோரப் புதர், சாய்ந்த மரம் என்று ஏதாவது ஒன்றின் முன்னால் ஒட்டி வையுங்கள். வெட்டவெளியில் தனியாக நிறுத்தாதீர்கள். வான்கோழிக்கு இந்தக் கவலையே இல்லை, காலையில் விரித்த பிளைண்டுக்குப் பத்தடி தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும்.

அரசு நிலத்தில் கதை வேறு. இயற்கை வளத் துறை நிலத்தில் பிளைண்டை ராத்திரி விட்டுவிட்டு வர முடியாது, அன்றன்றைக்கு எடுத்துவிட வேண்டும். மான் துப்பாக்கி சீசன்களில் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் 144 சதுர அங்குலம், அதாவது ஓரடிக்கு ஓரடி, பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ தெரிகிற மாதிரி மேலே கட்டியிருக்க வேண்டும். விதி இல்லாத தனியார் நிலத்திலும் நான் கட்டுகிறேன். பிளைண்ட் உங்களை மானிடமிருந்து மட்டுமா மறைக்கிறது, எதிர்ச் சரிவில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவனிடமிருந்தும் மறைக்கிறது. அந்த சீசனில் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் ஆரஞ்சு உடுப்பைக் கழற்றாதீர்கள். கறுப்புச் சட்டையெல்லாம் வில் சீசனோடு சரி. மானுக்கு ஆரஞ்சு நமக்குத் தெரிவது போலத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும், ஆகவே நீல ஜீன்ஸ் வேண்டாம். விதிகள் வருடத்துக்கு வருடம் நகரும், இயற்கை வளத் துறையின் அந்த வருடக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது காற்று. கண்ணை ஏமாற்றலாம், மூக்கை முடியாது. பிளைண்ட் வாசனையை அடைத்து வைக்கும் என்று விற்பவர் சொல்வார், நம்பாதீர்கள். மான் வரும் திசையிலிருந்து காற்று உங்கள் முகத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். மேடிசனுக்கு மேற்கே பனிப்பாறைகள் தொடாமல் விட்ட மேடுபள்ளமான பூமி. அங்கே காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்தில் வந்து தேங்கும். காலையில் பிரமாதமாக இருந்த இடம் மாலையில் உங்கள் வாசனையை மான் படுக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இங்குள்ளவர்கள் வாசனையில்லாத பொடியை ஊதிப் பார்ப்பார்கள். நான் ஒரு சிட்டிகை விபூதியை ஊதுவேன். சாணத்தில் சுட்ட வெறும் நீறுதான், கோயிலில் தரும் வாசனை விபூதி கூடாது.

நம் வீட்டுக்கென்றே ஒரு விஷயம். அபார்ட்மென்ட்டில் ஜன்னல் சாத்தித் தாளித்தால் அந்த வாசனை கதவோரம் தொங்கும் ஜாக்கெட்டில் ஒரு வாரம் நிற்கும். நமக்குத் தெரியாது, மானுக்குத் தெரியும். வேட்டை உடுப்பை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் காரிலேயே வைத்துவிடுங்கள். சாதாரண சலவைப் பொடியில் வெள்ளையைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் சரக்கும் மான் கண்ணுக்கு மினுங்கும் என்பார்கள், இரண்டு காரணம் ஆயிற்று. அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

குளிர். துப்பாக்கி சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். மைனஸ் பத்து டிகிரியில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருவது நடந்து போவது மாதிரி இல்லை, முதலில் போவது கால்விரல். பாதத்துக்குக் கீழே ஒரு துண்டு ஃபோம் போடுங்கள், நல்ல பூட்ஸைவிட அது உதவும். சின்ன புரொப்பேன் ஹீட்டரை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். துணியைத் தொடாமல், ஒரு ஜன்னலாவது திறந்து வைத்து எரியுங்கள், மூடி எரித்தால் கார்பன் மோனாக்சைடு. தூக்கம் வருகிறது என்றால் உடனே அணைத்து வெளியே வந்துவிடுங்கள்.

மான் கிடைத்தால், மறுநாள் மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். அப்புறம் தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், காசில்லை. மானின் மூளையைத் தாக்கும் நோய் ஒன்று, சிடபிள்யுடி என்பார்கள், இந்த மாநிலத்தில் முதலில் 2002-இல் மவுண்ட் ஹோரெப் பக்கம்தான் தெரிய வந்தது, மேடிசன் இருக்கும் நம் டேன் கவுண்டியில் இன்னும் இருக்கிறது, அதனாலேயே இங்கே தீனி போட்டு மானை வரவழைக்கத் தடை. மனிதனுக்கு வந்ததாக நிரூபணம் இல்லை, இருந்தாலும் நோய் உறுதியானால் சாப்பிடாதீர்கள். முடிவு வரும்வரை கறி ஃபிரீசரில் இருக்கட்டும். நோய் இல்லை என்று வந்தபின் மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்கா வையுங்கள், கொழுப்பே இல்லாத கறி, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டும்.

முதல் வருடம் எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஓட்டை போட்ட பழைய பிளைண்ட் இன்னும் என் கராஜில் இருக்கிறது, கிழிசலில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், மழை ஒழுகாது. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஹாலிலேயே விரித்து, விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து மூடிப் பழகுங்கள். பக்கத்து அறையில் வீட்டம்மா சத்தம் கேட்கிறது என்று சொன்னால் இன்னும் மெதுவாக. நாற்காலி மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், என்னுடையதைத் தரமாட்டேன்.