கோர்பச்சோவ் எதை முதலில் செய்தார்?

அன்புள்ள ஐயா,

சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சோவ் குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். அமைதிக்காக அவர் செய்தவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், வயிற்றுக்கு வழி செய்யாமல் வாய்ப்பூட்டை அவிழ்த்ததால்தானே சோவியத் ஒன்றியம் சிதறியது? முதலில் பொருளியல், பிறகு சுதந்திரம் என்ற வரிசையைச் சீனா பின்பற்றியது. சிங்கப்பூரரான நமக்கும் அது புதிய பாடமல்ல. அமைதி, ஜனநாயகம், சோசலிசம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசியதே அவருடைய பிழை என்று கருதுகிறேன்.

ஒரு வாசகர், தெம்பனிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த வாதத்தை நம் ஊர் நூலகக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் சரியென்று பட்டுவிடுவதுதான் அதன் பலம். ஆனால் நடந்தவற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் அது நிற்காது.

1985 மார்ச்சில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைப் பொறுப்பேற்ற கோர்பச்சோவ் தொடக்கத்தில் கைவைத்தது பெரும்பாலும் பொருளியலில்தான். இயந்திரத் தொழிலில் முதலீட்டைக் கூட்டினார். மது விற்பனையைக் கட்டுப்படுத்தி, அதனால் கருவூலத்தின் பெரிய வருமானம் ஒன்றையும் இழந்தார். 1986 நவம்பரில் தனியாள் தொழிலுக்கும், 1987இல் அரசு நிறுவனங்களின் தன்னாட்சிக்கும், 1988 மே மாதம் கூட்டுறவுகளுக்கும் சட்டங்கள் வந்தன. இதே காலத்தில் பத்திரிகைகள் மீதான பிடி தளர்ந்ததும், அரசை விமர்சித்ததால் நாட்டுக்குள்ளேயே ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த இயற்பியலாளர் சகாரோவ் மாஸ்கோ திரும்பியதும் உண்மையே. ஆயினும் பல வேட்பாளர்கள் போட்டியிட்ட நாடளாவிய தேர்தல் 1989 மார்ச்சில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில், சட்டம் தந்த தன்னாட்சியை அமைச்சகங்கள் அரசுக் கொள்முதல் ஆணைகள் மூலம் திரும்பப் பறித்துக்கொண்டன. மேலிருந்து அசையாத அதிகாரிகளைக் கீழிருந்து அசைக்கவே அவர் வாக்காளர்களை அழைத்தார் என்பது என் வாசிப்பு. சீனாவோ 1978இல் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் வாழ்ந்த நாடு. நிலத்தைக் குடும்பங்களிடம் விட்டதுமே விளைச்சல் பெருகியது. மூன்றில் இரண்டு பங்கினர் நகரவாசிகளாகிவிட்ட சோவியத் ஒன்றியத்தில் அந்தக் குறுக்குவழி இல்லை.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த 1989 தேர்தலில் அமைந்த மக்கள் பிரதிநிதிகள் பேரவையின் 2,250 இடங்களில் 750 கட்சி, தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டன; அவற்றுள் 100 கட்சிக்குரியவை. கோர்பச்சோவ் உள்ளே வந்தது அந்த நூறில் ஒருவராக. 1990 மார்ச்சில் அதிபர் பதவியையும் அவருக்குப் பேரவையே அளித்தது. அன்று அவர் நேரடி வாக்கெடுப்புக்குத் துணிந்திருக்க வேண்டும். 1991 ஜூனில் அவருடைய அரசியல் போட்டியாளர் யெல்ட்சின் ரஷ்ய மக்களிடம் நேரடியாக வாக்குப் பெற்று ரஷ்யக் குடியரசின் அதிபரானார். ஆகஸ்டில் கோர்பச்சோவைக் கவிழ்க்கும் முயற்சி நடந்தபோது தெருவில் இறங்கிய மக்கள் யெல்ட்சின் பக்கம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஜனநாயகத்தை மற்றவர்களுக்கெல்லாம் வழங்கிய மனிதர் தன்னளவில் அதைத் தள்ளிப்போட்டார். அரசு நிர்ணயித்த விலைகளைச் சந்தைக்கு விடவும் அவ்வாறே தயங்கினார்.

மூன்றையும் சேர்த்துப் பேசியது பிழை என்கிறீர்கள். பிரித்துப் பேச அவருக்கு வழியிருந்ததா? 1986 நவம்பரில் ராஜீவ் காந்தியுடன், அணு ஆயுதமும் வன்முறையும் அற்ற உலகைக் கோரிய டெல்லிப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1987 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரேகனுடன் நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்க உடன்பட்டார். 1988 டிசம்பர் 7 அன்று ஐக்கிய நாடுகள் சபையில், படையில் 5 லட்சம் பேரைக் குறைப்பதாக அறிவித்ததோடு, தன் பாதையைத் தேரும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றார். சோவியத் பிடியில் இருந்த போலந்துக்கு ஒப்புக்கொண்ட அந்த உரிமையை சொந்தக் குடிமக்களுக்கு மறுக்க இயலுமா? 1991 ஜனவரியில், விடுதலை கோரிய லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில் சோவியத் படை மக்கள்மீது பாய்ச்சிய குண்டுகள் அவர் பெயரில் நீங்காத கறையாக நிற்பதும் அந்த வாக்குறுதியை வைத்து அளப்பதால்தான்.

சோசலிசத்தை அவர் உதட்டளவில் பேசவில்லை. லெனினின் இறுதி ஆண்டுகளில் சந்தைக்கு இடம்தந்த கொள்கையை அடிக்கடி சுட்டினார். பதவி போன பிறகும் சமூக ஜனநாயகவாதியாகவே இருந்தார். (நம் மக்கள் செயல் கட்சியும் 1976இல் விலகும்வரை சோசலிச அனைத்துலக அமைப்பில் இருந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.) தள்ளிப்போட்ட நேரடி வாக்கை அவர் கடைசியில் கேட்டது 1996 ரஷ்ய அதிபர் தேர்தலில், ஒரு விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை.