ஊட்டி வாசலில் பூக்கும் காசித்தும்பையும் சோலை ஓடையில் பூப்பதும் ஒரே செடியா?

கேட்கப்பட்ட கேள்வி: ஊட்டியில் வீட்டு வாசல்களிலும் சாலையோரத்திலும் சிவப்பு, வெள்ளை, ரோஸ் நிறங்களில் பூக்கும் ‘இம்பேஷன்ஸ்’ நம் ஊர்க் காசித்தும்பைதானா? அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் அதே மாதிரிப் பூவைப் பார்த்தேன். யாராவது கொண்டுபோய் நட்டிருப்பார்களா?

நீங்கள் சொல்வது மூன்று வெவ்வேறு செடிகள். ஆனால் மூன்றும் இம்பேஷன்ஸ் என்ற ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஒரே கூட்டத்தை, சேர்ந்தவை. வாசலில் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கீழ்நாட்டு வீடுகளில் பாட்டி வளர்த்த காசித்தும்பை இந்தியப் பகுதியின் சமவெளிச் செடி. சோலை என்று நாங்கள் சொல்லும் மலைக்காட்டு ஓடையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இந்த மலையின் சொந்தச் செடி, யாரும் நட்டதில்லை.

நான் கோத்தகிரிக்காரன், கல்லூரியில் தாவரவியல் படித்தவன். இந்தப் பேரினத்தின் மேல் எனக்கு இருபது வருடமாகப் பிரியம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். காசித்தும்பைக்கும் தும்பைக்கும் உறவு கிடையாது. தும்பை துளசிக் குடும்பம். இது பால்சமினேசியே என்ற தனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் இரண்டே பேரினங்கள்தான். ஒன்று இம்பேஷன்ஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. இன்னொன்று ஹைட்ரோசெரா, அதில் ஒரே ஓர் இனம். அது தண்ணீரில் நிற்கும் செடி, தென்னிந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை தாழ்வான நீர்நிலைகளில் இருக்கிறது. அதன் காய் வெடிக்காது. இம்பேஷன்ஸ் காய் வெடிக்கும். சின்ன வயதில் முற்றிய காசித்தும்பைக் காயை விரலால் நசுக்கி, அது பட்டென்று சுருண்டு விதை தெறிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு லத்தீனில் ‘பொறுமையில்லாதது’ என்று பேர் வைத்ததும் அதனால்தான்.

ஒரே குடும்பத்தில் ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கம் ஆயிரம். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இந்த ஆயிரத்தை வகைப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வருடத்தில் செடி சேகரித்து ஒப்படைக்க வேண்டும். தொட்டபெட்டா சரிவில் ஒரு ரோஸ் நிறப் பூச்செடியைப் பறித்துச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் இலை இருக்கிறது, தண்டு கறுத்துக் கிடக்கிறது, பூ இருந்த இடத்தில் ஊதாக் கறை மட்டும். எங்கள் ஆசிரியர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் பூவைக் காட்டிலேயே வரைஞ்சு வெச்சுடணும்” என்றார்.

காரணம் இதுதான். இம்பேஷன்ஸ் இனங்களைப் பிரிப்பதே பூவின் உருவத்தை வைத்துத்தான். கீழே இருக்கும் புல்லி இதழ் படகு மாதிரியோ பை மாதிரியோ குழிந்து, பின்னால் வாலாக நீளும். அந்த வாலின் நீளம், வளைவு, தடிமன் எல்லாம் அடையாளம். பக்கத்து அல்லி இதழ்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும், அந்த ஒட்டிய இதழின் மடலமைப்பும் அடையாளம். ஆனால் பூ முழுக்கத் தண்ணீர். காய்ந்துவிட்டால் எந்த இதழ் எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் போன்ற மேதையே லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் பொறுப்பை விட்ட பிறகு, கடைசிக் காலத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டியும் உலர்ந்த இம்பேஷன்ஸ் பூக்களை நனைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். 1911-இல் இறக்கும் வரை அந்த வேலை முடியவில்லை.

சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் நம் மலைச் செடிகள் பலவற்றுக்குப் பேர் வைத்தவர். அவரிடம் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் இருந்தார்கள். இம்பேஷன்ஸ் மாதிரி காய்ந்தால் கெட்டுப்போகும் பூவுக்கு, செடியைக் கண்முன் வைத்து வரைந்த படம்தான் உண்மையான சாட்சி. வைட்டின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், அந்த இருவரையும் சொல்வோர் குறைவு. கோவிந்துவின் பெயரில் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே பேர் வைத்தார். அந்தப் பேரினம் பின்னால் வேறொன்றில் சேர்க்கப்பட்டுவிட்டது.

இப்போது மரபணு ஆய்வும் மகரந்தத்தின் அமைப்பும் சேர்ந்ததில் நிலைமை தெளிவாகியிருக்கிறது. 2016-இல் வந்த வகைப்பாடு பேரினத்தை இரண்டு துணைப் பேரினங்களாகப் பிரித்தது.

சரி, பரவல். வெப்பமண்டல ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியாவோடு இலங்கை, கிழக்கு இமயமலை, தென்கிழக்கு ஆசியா, இந்த ஐந்து இடங்களில்தான் இம்பேஷன்ஸ் குவிந்திருக்கிறது. தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. வட அமெரிக்காவில் ஒரு சில. அவற்றில் ஒன்றின் பெயர் கேபென்சிஸ். ‘கேப்’ எனப்படும் தென்னாப்பிரிக்க முனையிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்து வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் தொண்ணூறுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. ஏன் இப்படி? காய் வெடித்தாலும் விதை சில மீட்டர்தான் போகும். ஓடை தூக்கிக்கொண்டு போனால் கீழேதான் போகும், அடுத்த மலை உச்சிக்கு ஏறாது. செடிக்கோ ஈரமும் குளிரும் நிழலும் வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் அதற்குக் கடல் மாதிரி. ஒவ்வொரு மலையிலும் மாட்டிக்கொண்ட கூட்டம் தனித்தனியாக மாறிவிடுகிறது. நீலகிரியில் மட்டும் இருக்கும் நீலகிரிக்கா, நியோபார்னெசியை என்ற இனங்கள் அப்படித்தான். கணவாய்க்குத் தெற்கே பழனிமலைச் சோலைகளில் கம்பானுலாட்டா: மணி கவிழ்த்த மாதிரி வெள்ளைப் பூ, உள்ளே சிவப்புப் புள்ளிகள். கொடைக்கானல்காரர்கள் இதில் என்னைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காப்பிஃப்ளோரா. அதற்குத் தண்டே கிடையாது. பாறையிடுக்கில் சின்னக் கிழங்கு இருக்கும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கிழங்கிலிருந்து நேராக இலை, இலைக்கு நடுவே ஒரு காம்பு, அதன் நுனியில் ஆர்க்கிட் என்று ஏமாறும்படியான பூக்கள். மழை போனதும் எல்லாம் காய்ந்துவிடும், கிழங்கு மட்டும் அடுத்த ஜூன் வரை காத்திருக்கும். ஒரு முறை அதைப் பெயர்த்து வீட்டுத் தொட்டியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் அழுகிவிட்டது. அந்தப் பாறையில் அடுத்த வருடம் அந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோது மனசு கனத்தது. அதற்கப்புறம் நான் எதையும் பெயர்த்ததில்லை. நீங்களும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாசலில் இருக்கும் வாலரியானாவுக்கு நேர்மாறான குணம். ஹூக்கரே பெயர் வைத்த இந்த ஆப்பிரிக்கச் செடியின் தண்டை ஒடித்து ஈர மண்ணில் போட்டால் வேர் விடும். அதனால் தோட்டத்தில் வெட்டிய குப்பையை ஓடையில் கொட்டும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. ஊருக்குப் பக்கத்து ஓடைகளில் இது தானாக மண்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஈரப் பாறையில் நம் செடிக்கு இருக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வெட்டியதை வெயிலில் காய வைத்துவிட்டால் போதும்.

நீங்கள் பார்த்தது எது என்று உறுதியாகச் சொல்ல இன்னொரு படம் வேண்டும். பெரும்பாலானவர்கள் பூவை நேர் எதிரே நின்று எடுக்கிறார்கள், அதில் வால் தெரியாது. பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். முழுச் செடி ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று. முடிந்தால் ஒரே செடியில் புதுப் பூவையும் பழைய பூவையும் எடுங்கள்: புதுப் பூவில் ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டி ஒரு குல்லாய் போல சூலகத்தை மூடியிருக்கும், சில நாளில் அது கழன்று விழுந்தபின்தான், மகரந்தத்தை ஏற்கும் முனையான சூலகமுடி வெளியே வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் நிறையப் பூ இருக்கும். காட்டுக்குள் இறங்குவதாக இருந்தால் வனத்துறை அனுமதி தேவை, ஓடைக்கரையில் அட்டைக்கு உப்பும் எடுத்துப் போங்கள்.