நால்வர் சேர்ந்து கேம் ஆடி ஜப்பானிய மொழி படிக்க எதை வாங்கலாம்?

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள். மூவர் சென்னையில், ஒருவர் வேலை நிமித்தம் யோகோஹாமாவில். நால்வரும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்-4 நிலை முடித்துவிட்டோம். பாடப்புத்தகம் சலித்துப்போய், வாரம் ஒருநாள் ஆன்லைனில் கூடி ஏதாவது ஒரு ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகக் கதைக்குள் போய் ஆடும்) வீடியோ கேமை ஜப்பானிய மொழியிலேயே ஆடலாம் என்று திட்டம். ஜப்பானில் ஸ்விட்ச் 2 (நிண்டெண்டோவின் கேம் கன்சோல்) விலை குறைவு, ஆளுக்கொன்று வாங்கி வருகிறேன் என்கிறார் யோகோஹாமா தோழி. வாங்கலாமா? எந்த கேமில் தொடங்குவது?
— வாசகி, சென்னை

பதில்: நான்கு கன்சோல் வேண்டாம். இப்போதைக்கு ஒன்றுகூட வேண்டாம். ஆர்பிஜி பெரும்பாலும் ஒருவர் ஆடுகிற கேம். அதில் பாதிக்கு மேல் கதையும் பேச்சும்தான். ஒருவர் ஆட, மற்ற மூவரும் அதே திரையைப் பார்த்துக் கூடவே படிப்பதுதான் உங்களுக்குப் பயன். ஆளுக்கொரு கேம் வாங்கித் தனித்தனியே ஆடினால் இரண்டே வாரத்தில் ஒருவர் மலை உச்சியில் இருப்பார், இன்னொருவர் முதல் ஊரைத் தாண்டியிருக்க மாட்டார். கூடிப் பேச பொதுவாக ஒன்றும் மிஞ்சாது.

தோழி சொல்லும் விலை உண்மைதான். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தபோது ஜப்பானில் இரண்டு வகை விற்பனைக்கு வந்தன. ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். பல மொழிகள் உள்ளது 69,980 யென். மொழி படிப்பவர்களுக்கு ஜப்பானிய மொழி மட்டும் இருப்பது குறையே இல்லை, சொல்லப்போனால் நல்லது. சிக்கல் வேறு இடத்தில். அந்த மலிவு வகை, நாடு ஜப்பான் என்று பதிவான நிண்டெண்டோ கணக்கை மட்டுமே ஏற்கும். சரி, கணக்கை ஜப்பானுக்கு மாற்றிக்கொண்டால் போகிறது என்று தோன்றும். ஆனால் 2025 மார்ச் 25 முதல் ஜப்பானிய ஈ-ஷாப் (நிண்டெண்டோவின் ஆன்லைன் கடை) வெளிநாட்டு கிரெடிட் கார்டையும் வெளிநாட்டு பேபால் கணக்கையும் ஏற்பதில்லை. சென்னையில் இருந்துகொண்டு ஒவ்வொரு கேமுக்கும் தோழியிடம் ப்ரீபெய்டு கார்டு எண் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே வந்து இறங்கும்போது சுங்க வரி, பழுதானால் திரும்ப ஜப்பானுக்கு அனுப்பும் செலவு என்று பார்த்தால், மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று தெரியாது.

உங்களில் ஒருவரிடம் ஓரளவு நல்ல லேப்டாப் இருந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒரே ஒரு கேம் வாங்குங்கள். ரூபாயிலேயே விலை, யுபிஐ-யிலேயே கட்டலாம். திரையை டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் மற்றவர்களுக்குக் காட்டலாம், அதற்குக் காசு இல்லை.

வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது, கேம் பக்கத்தில் இருக்கும் மொழிகள் பட்டியல். ஒவ்வொரு மொழிக்கும் நேராக மூன்று கட்டம் இருக்கும்: இன்டர்ஃபேஸ், முழு ஆடியோ, சப்டைட்டில். பலர் ‘ஜப்பானியம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். ஆடியோ கட்டத்தில் மட்டும் டிக் இருந்தால் குரல்தான் ஜப்பானியம், எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆங்கில எழுத்து திரையில் இருக்கும்வரை கண் அதைத்தான் படிக்கும், காது சும்மா இருக்கும். உங்களுக்கு மூன்று கட்டத்திலும் டிக் வேண்டும். குறைந்தது இன்டர்ஃபேஸிலும் சப்டைட்டிலிலும். வாங்கிய கையோடு லைப்ரரியில் கேமின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றி, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். முதல் நாளே நாலு பேரும் ஆசையாக மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எந்த கேம்? என் பரிந்துரை பெர்சோனா 4 கோல்டன். 2020-இல் ஸ்டீமுக்கு வந்தது, பெரிய விலை இல்லை. நகரத்துப் பையன் ஒருவன் ஓராண்டுக்குக் கிராமப்புறத்து ஊரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்க வருகிறான். ஸ்டேஷனில் மாமா அழைத்துப் போக வருகிறார், அவருடைய சின்ன மகள் நானாகோ கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறாள். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறார்கள். நானாகோவுக்குப் பாத்ரூம் போக வேண்டும். பங்கில் வேலை செய்பவர் பின்பக்கம் போய் இடது புறம் என்று வழி சொல்லிவிட்டு, இடது எது என்று குழந்தைக்குப் புரிய, சாப்பிடும் குச்சியைப் பிடிக்காத கைப்பக்கம் என்கிறார். என்-4 படித்தவருக்கு இந்தப் பேச்சு அகராதி இல்லாமலே முக்கால்வாசி புரியும். இப்படித்தான் வீட்டுப் பேச்சு, பள்ளிக்கூடப் பேச்சு, கடைத்தெருப் பேச்சு என்று கேம் முழுக்க வருகிறது. நடுவே கொலை வழக்கும் போலீஸ் சொற்களும் வரும். அங்கே கொஞ்சம் திணறுவீர்கள், பரவாயில்லை.

இதே வரிசையில் பெர்சோனா 5 ராயல் இன்னும் புகழ்பெற்றது, டோக்கியோவில் நடக்கிறது. ஆனால் தொடக்கமே கேசினோ கொள்ளையும் போலீஸ் விசாரணையுமாக இருப்பதால் முதல் நாளே ஆள் சோர்ந்துவிடும். இரண்டாவது கேமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசர், மந்திரவாதி, டிராகன் வரும் கேம்களையும் முதலில் எடுக்காதீர்கள். அதில் வரும் கிழவர்கள் தங்களை ‘வாஷி’ என்று சொல்லிக்கொண்டு, வாக்கியத்தை ‘ஜா’ போட்டு முடிப்பார்கள். படிக்கச் சுவைதான். ஆனால் ஆபீஸில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

நான் சொன்ன இரண்டிலும் ஒரு குறை உண்டு: கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துக்கு மேல் உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானா கிடையாது. தெரியாத கான்ஜி வந்தால் ஃபோனில் கூகுள் லென்ஸைத் திரையில் காட்டித்தான் தேட வேண்டும். ஃபுரிகானா இருந்தே ஆக வேண்டும் என்றால் யோகோஹாமா தோழியின் உதவி இங்கேதான் தேவை. யோகாய் வாட்ச் முதல் கேமின் ஸ்விட்ச் பதிப்பு 2019-இல் ஜப்பானில் மட்டும் வந்தது. சிறுவர்களுக்கானது, நிகழ்காலத்து ஜப்பானியப் புறநகரில் நடக்கிறது, கான்ஜிக்கு மேல் ஃபுரிகானா இருக்கும். பழைய ஸ்விட்சுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது என்பதால் எந்த நாட்டு ஸ்விட்சிலும் ஜப்பானிய கார்ட்ரிட்ஜ் ஓடும். தோழி அங்கேயே புக்-ஆஃப், கியோ போன்ற கடைகளில் பழைய ஸ்விட்ச் ஒன்றும் இந்த கேமும் வாங்கி, ஒரு கேப்ச்சர் கார்டு வழியாகத் தன் கம்ப்யூட்டரில் இணைத்து டிஸ்கார்டில் காட்டலாம். நான்கு ஸ்விட்ச் 2 வாங்கும் பணத்தில் இது மிகச் சிறிய பங்குதான். பழையது வாங்கும்போது ‘ஜங்க்’ என்று எழுதிய பெட்டியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை, திருப்பியும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதேபோல 3டிஎஸ் என்ற நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோல் மலிவாகக் கண்ணில் படும். அதற்கு நாட்டுப் பூட்டு உண்டு, ஜப்பானிய கார்ட்ரிட்ஜுக்கு ஜப்பானிய 3டிஎஸ்தான் வேண்டும். அதன் ஆன்லைன் கடையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டது.

உட்கார்ந்து ஆடும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கன்ட்ரோலர். ஒருவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் அகராதி. ஒருவர் குறித்துக்கொள்பவர், அந்தச் சொற்களை அன்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் போட்டு மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அன்கி கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் மட்டும் விலை. வாராவாரம் வேலை மாறட்டும். வாய்விட்டுப் படிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜேஎல்பிடி-யில் பேச்சுத் தேர்வே கிடையாது, அதனால் என்-4 முடித்தும் வாய் திறக்காதவர்கள் ஏராளம். அப்புறம், தெரியாத எல்லாச் சொல்லையும் தேடாதீர்கள். அது இல்லாமல் வரி புரியவில்லை என்றால் மட்டும் தேடுங்கள். பட்டன் அழுத்தும்வரை எழுத்து அப்படியே நிற்கும் காட்சிகளில் நிதானமாகப் போங்கள்; தானாக ஓடும் வீடியோ காட்சிகளை முதல் தடவை கேட்டுவிட்டு விடுங்கள்.

இன்னொன்று: காசை மிச்சம் பிடிக்க வாங்கிய கேமைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டீம் ஃபேமிலியில் நால்வரும் சேரலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கானது. ஒரே நாட்டுக் கணக்காகவும் இருக்க வேண்டும், யோகோஹாமா தோழி அங்கேயே அடிபட்டுவிடுவார். சேர்ந்தவர் விலகி வேறு குடும்பத்தில் சேர, முதலில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆக வேண்டும். திரையைக் காட்டி ஆடும் உங்களுக்கு இது தேவையே இல்லை.

கேள்வி: மகனிடம் ஸ்விட்சும் ஒரு போக்கிமான் கேமும் இருக்கின்றன. மகள் ஹிரகானா கற்கத் தொடங்கியிருக்கிறாள். ஜப்பானிய கார்ட்ரிட்ஜ் தனியாக வரவழைக்க வேண்டுமா? கடையில் கூடுதல் விலை சொல்கிறார்கள்.
— வாசகர், கோவை

பதில்: வேண்டாம். ஸ்விட்சில் வந்த முதன்மை போக்கிமான் கேம்களில் ஜப்பானியம் உள்ளேயே இருக்கிறது, எந்த நாட்டு கார்ட்ரிட்ஜாக இருந்தாலும். புது ஆட்டம் தொடங்கும்போது மொழி கேட்கும். ஜப்பானியத்தில் கானா (ஹிரகானா போன்ற ஒலி எழுத்துகள்) மட்டும் அல்லது கான்ஜி கலந்தது என்று இரண்டு உண்டு, மகளுக்குக் கானா. சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வசதி. மொழியை நடுவில் மாற்ற முடியாது என்பதால் மகனின் ஆட்டத்தைத் தொட வேண்டாம். ஸ்விட்சில் மகள் பெயரில் தனி யூசர் ஒன்று தொடங்கினால் அவளுக்குத் தனி சேவ் கிடைத்துவிடும், அண்ணன் தங்கை சண்டையும் இல்லை.

கேள்வி: நாங்கள் நான்கு கல்லூரி மாணவர்கள். ஜப்பானியர்களோடு சேர்ந்தே ஆட ஆசை. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேம் வாங்கலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: இப்போதே வாங்காதீர்கள், இலவச ட்ரையலில் தொடங்குங்கள். 2023 அக்டோபரில் அதை ஸ்டார்ம்பிளட் பகுதி வரை, லெவல் 70 வரை நீட்டித்தார்கள். நாள் கணக்கு கிடையாது, மாதக்கணக்கில் ஆடலாம். எழுத்தையும் குரலையும் ஜப்பானியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தனிப் பதிப்பு வேண்டாம். கணக்கு தொடங்கியதும் ஜப்பான் டேட்டா சென்டரில் பாத்திரத்தை உருவாக்குங்கள். நால்வரும் ஒரே வேர்ல்டை (சர்வரை) தேர்ந்தெடுப்பது முக்கியம்.

சின்ன டஞ்சன்கள் (குழுவாக உள்ளே போய்ச் சண்டையிடும் இடங்கள்) நான்கு பேருக்கானவை, உங்கள் குழுவுக்கு அளவெடுத்தது. ஆனாலும் பின்னால் முழு கேம் வாங்கி நால்வரும் எப்போதும் சேர்ந்தே போனால் தமிழில்தான் பேசிக்கொள்வீர்கள். அவ்வப்போது பிரிந்து, தெரியாதவர்களோடு போங்கள். உள்ளே நுழைந்ததும் ‘யொரோஷிகு ஒனெகாய்ஷிமாசு’ என்று வணக்கமும், முடிந்ததும் ‘ஒட்சுகாரேசமா தேஷிதா’ என்று நன்றியும் போடுவது அங்கே வழக்கம். டேப் விசையை அழுத்தினால் ஆயத்தச் சொற்கள் வரும். நீங்கள் தேர்ந்தெடுப்பது எதிரில் இருப்பவருக்கு அவருடைய மொழியில் தெரியும். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதையே நம்பினால் நீங்கள் ஒரு வரிகூட எழுதப் பழக மாட்டீர்கள்.

ட்ரையலில் கட்டுப்பாடுகள் உண்டு. நீங்களாகப் பார்ட்டி அமைக்க முடியாது, ஃப்ரீ கம்பெனி எனப்படும் சங்கத்தில் சேர முடியாது. அதனால் எரிச்சலாகி உடனே வாங்கத் தோன்றும். முழு கேம் வாங்கிவிட்டால் அந்தக் கணக்கை மறுபடி ட்ரையலாக மாற்ற முடியாது. முதல் 30 நாள் போனபின் மாதச் சந்தா, தேர்வு நேரத்தில் ஆடாவிட்டாலும் கட்டினால்தான் உள்ளே போக முடியும். ஸ்டீம் வழியாகத் தொடங்கியவர் பின்னால் எல்லாவற்றையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும், வெளியில் வாங்கிய பதிப்பு ஒட்டாது. தொடங்கும் முன்பே எந்த வழி என்று நால்வரும் முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

டிராகன் குவெஸ்ட் 10-ஐயும் யாராவது சொல்வார்கள். அது ஜப்பானுக்குள் இருப்பவர்களுக்காக நடத்தப்படும் சேவை, உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: ‘கேம் ஆடியே 3 மாதத்தில் என்-3 உறுதி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பயிற்சி மையத்தில் 24,000 ரூபாய் கட்டினேன். இரண்டு வகுப்போடு ஆசிரியர் போய்விட்டார். இப்போது பழைய வீடியோக்களைத்தான் போடுகிறார்கள். பணத்தைக் கேட்டால் ‘நோ ரீஃபண்ட்’ என்று ரசீதில் இருக்கிறதே என்கிறார்கள்.
— வாசகி, மதுரை

பதில்: ரசீதில் அப்படி அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. நேரடி வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு வீடியோ போடுவது சேவைக் குறைபாடு. தேர்ச்சி உறுதி என்று விளம்பரம் செய்வதும் தவறு: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் வெற்றி உத்தரவாதம் தரும் விளம்பரங்களைத் தடை செய்கின்றன. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு அது பொருந்தும். உங்கள் மையத்தில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைவிடச் சின்ன மையமானாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கவே இருக்கிறது.

இன்றே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள். பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், நடந்த வகுப்புகளின் தேதி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நடக்காத வகுப்புகளுக்கான பணத்தை 15 நாளுக்குள் திருப்பித் தரும்படி மின்னஞ்சலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.